வைஃபை திடீரென நிற்கிறதா? ரேடாரையும் கவனியுங்கள்

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைவரிசையில் ஒரு பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே ரேடார் துடிப்பைக் கேட்டால் ரூட்டர் விலகிவிட வேண்டும் என்பது 2003-இல் ஜெனீவா மாநாட்டில் உலக நாடுகள் வகுத்த ஏற்பாடு. ஸ்ரீரங்கம் அடுக்குமாடி முதல் பச்சைமலை டாப் செங்காட்டுப்பட்டி வரை எல்லா வீடுகளுக்கும் உதவும் குறிப்புகள் இவை:

1. வைஃபை அனலைசர் செயலியில் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை இருந்தால் அது ரேடாருடன் பங்கிடும் சேனல். 36–48, 149–165 ஆகியவற்றில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

2. கரண்ட் வந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவில்லையா? ஒரு நிமிடம் பொறுங்கள். ரேடாருடன் பங்கிடும் சேனல் என்றால், ரேடார் இருக்கிறதா என்று ரூட்டர் 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் தொடங்கும். அதற்குள் அணைத்துப் போட்டால், முதலிலிருந்து கேட்கும்.

3. ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்து, வேறு சேனலில் திரும்பி வந்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. ரேடார் துடிப்பு கிடைத்ததும் 10 விநாடிக்குள் விலகி, 30 நிமிடம் அந்தச் சேனலைத் தொடக்கூடாது என்பது விதி. சில சமயம் வேறு இரைச்சலையும் ரூட்டர் ரேடார் என்று எண்ணிவிடும்.

4. உறுதிசெய்ய, ரூட்டர் அமைப்புப் பக்கத்தின் ‘சிஸ்டம் லாக்’கைத் திறந்து ‘ரேடார்’ அல்லது ‘டி.எஃப்.எஸ்.’ (ரேடாருக்காக விலகும் ஏற்பாட்டின் சுருக்கப் பெயர்) என்ற சொல்லைத் தேடுங்கள்.

5. ஆன்லைன் தேர்வு, நேர்காணல் நாட்களில் சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36 அல்லது 149-இல் நிறுத்துங்கள்.

6. தடித்த சுவர் வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸையும் அணைக்காமல் வையுங்கள். தூரம் அதிகம் எட்டும். ரேடாருக்காக விலகும் விதியும் அதற்கு இல்லை.

7. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த ரூட்டர் என்றால், நாட்டை ‘இந்தியா’ என்று மாற்றுங்கள். சேனல்களும் திறன் அளவும் நாட்டுக்கு நாடு மாறும்.

8. அடிவாரத்திலிருந்து மலைக்கு டிஷ் வைத்து இணைப்பு எடுப்பவர்கள் ரேடார் அறியும் வசதியை ஒருபோதும் அணைக்கச் சொல்லாதீர்கள். உயரத்தில் வைத்த கருவியின் அலை வெகுதூரம் போகும். 2009-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் யுவானில் இத்தகைய வெளிப்புறக் கருவிகள் விமான நிலைய வானிலை ரேடாரில் குறுக்கிட்டன. இப்படிக் குறுக்கிட்டால் திரையில் அந்தத் திசை முழுக்க நீளக் கோடு விழும். அதன் பின்னால் உள்ள மழையைப் பிரித்தறிவது கடினம். சென்னை, காரைக்கால் புயல் ரேடார்கள் வேறு அலைவரிசையில் இயங்குகின்றன. ஆனால் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ரேடார் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சி-பேண்ட் வகை. நம் இணைப்பு ஒரு நிமிடம் தடைபடலாம். மழை எச்சரிக்கை தடைபடக்கூடாது.