இசைக்கருவி தெரிந்து தெளிதல்

சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையார் இலம்பகம் பயின்றோர், சீவகன் யாழ்களை ஆராய்ந்து விலக்கிய திறத்தை மறவார். இசைப் போட்டியின்பொருட்டுத் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களின் புறத்தழகு கண்டு அவன் மயங்கினானல்லன். ஒன்றன் மரம் நீரிற் கிடந்து இளகியதென்றும், மற்றொன்று இடியேறுண்ட மரத்தாலாயதென்றும் குற்றங் கூறி ஒதுக்கினான். நரம்பினுள்ளே மயிர் கிடந்ததனையும் எடுத்துக் காட்டினான். ஓசை பிறக்குமிடம் எது, அஃது எங்கே கெடும் என்பதனை அவன் அறிந்திருந்தமையே அத்தேர்ச்சிக்குக் காரணம். இக்காலத்தில் சட்டைப் பையிலிட்டுச் செல்லும் இசைப்பெட்டி ஒன்றை வாங்க எண்ணும் மாணவர்க்கும் அவ்வறிவே வேண்டுவது. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களும் விலைச்சீட்டும் அதனைத் தாரா. ஆதலின், இக்கருவிகளில் நல்லோசை எங்கே பிறக்கின்றது, எங்கே கெடுகின்றது என்பதனை எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

முதற்கண் இக்கருவியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1963ஆம் ஆண்டிற் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட் நாடாவை வெளியிட்டனர். 1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் சோனி நிறுவனத்தாரின் வாக்மன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒருவன் நடந்துகொண்டே தனக்கென இசை கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது அதன் பின்னரே. ஆயினும் நாடாவை இழுக்கும் சிறு மோட்டார் எப்பொழுதும் ஒரே வேகத்திற் சுழலுவதில்லை. பேட்டரி தளர்ந்தால் அதுவும் தளரும். வேகம் மாறின் சுருதி மாறும். தம்பூரின் நீண்ட ஓசையைக் கேசட்டிற் கேட்டோர், அது மெல்ல அலைவதனை உணர்ந்திருப்பர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திற் சுருதிகளின் நுண்ணிய இடைவெளிகளைக் கணக்கிட எத்துணைப் பக்கங்களைச் செலவிட்டார் என்பதனை நோக்குவார்க்கு, அவ்வலைவு சிறு குற்றமாகத் தோன்றாது. 1984இற் சோனியாரின் கையடக்கக் குறுந்தட்டுக் கருவியும், 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபாடும் வந்தபின் அக்குற்றம் நீங்கிற்று. எண்களாக மாற்றிச் சேமித்த ஒலியை இவை படிகமொன்றன் சீரான துடிப்பைக் கொண்டு அளந்து வெளியிடுகின்றன. ஆதலிற் சுருதி அசைவதில்லை. ஐபாட் 2022இல் நிறுத்தப்பட்டது. இந்நாளிற் பெரும்பாலோர்க்குக் கைபேசியே இசைப்பெட்டி. இசைக்கென்றே செய்த தனிக்கருவிகளும் சில ஆயிரம் ரூபாய் முதல் இலட்சத்திற்கு மேலும் விலைபோகின்றன.

இனி, பெட்டியின்மேல் உள்ள எண்களுக்கு வருவாம். குறுந்தட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளாற் குறிக்கப்படுகின்றது. மனிதச் செவியின் எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையாம். ஓர் அலையைப் பழுதின்றி மீட்டுக்கொள்ள, அதன் அதிர்வெண்ணின் இருமடங்கிற்குச் சற்று மேலாக அளத்தல் போதும் என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட உண்மை. ஆகவே 44,100 அளவுகள் செவியின் எல்லை முழுதையும் தழுவும். 16 பிட்டுகளோ மிக மெல்லிய ஓசைக்கும் மிக வலிய ஓசைக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடந் தருகின்றன.

அங்ஙனமாயின், 24 பிட்டு என்றும் 192,000 ஹெர்ட்ஸ் என்றும் பறைசாற்றும் கருவிகளாற் பயன் யாது? 2007இல் மேயர், மோரன் என்னும் அமெரிக்கர் இருவர் தாம் செய்த சோதனையை வெளியிட்டனர். உயர்ந்த அளவிற் பதிந்த தட்டுக்களின் ஒலியை நேராகவும், அதனையே குறுந்தட்டின் அளவிற்குக் குறைத்தும், எஃது எதுவென அறிவியாமற் பலர்க்குக் கேட்பித்தனர். 554 முறை வினாவியதில் விடை சரியானது 276 முறையே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து விடை கூறினும் ஏறக்குறைய அத்துணையே வரும்! அவர்கள் மற்றொன்றும் கண்டனர். அவ்வுயர்ந்த தட்டுக்கள் பொதுவாக இனிமை மிக்கனவாகவே இருந்தன. அதற்குக் காரணம் எண்ணின் பெருமையன்று, பதிவு செய்தோர் கொண்ட கவனமே என்பது அவர்தம் கருத்து.

எண்ணை நம்பிப் புறப்பட்ட முயற்சிக்குப் போனோ என்னும் கருவியின் கதை சான்றாகும். நீல் யங் என்னும் புகழ்பெற்ற பாடகர் 2014இல் இதன்பொருட்டுப் பொதுமக்களிடம் நிதி கோரி, 60 இலட்சம் டாலருக்கு மேற் பெற்றார். முக்கோண வடிவினதாய், 399 டாலர் விலையில் அக்கருவி வந்தது; 2017இல் முயற்சி கைவிடப்பட்டது. அவர் நோக்கம் பழிக்கத்தக்கதன்று. கலைஞர் பதிவறையிற் கேட்ட ஒலியையே வீட்டிலிருப்போரும் கேட்கவேண்டும் என்று அவர் விரும்பினார். ஆயின் அவர் மருந்திட்ட இடம் நோயிருந்த இடமன்று என்பது எம் கருத்து.

ஒலிக்கோப்பு அளவிறந்து சுருக்கப்பட்டதாயின், அஃது உண்மையான குற்றமே. குறுந்தட்டின் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,411 ஆயிரம் பிட்டுகள் கொள்வது. 128 ஆயிரம் பிட்டு அளவினதாகிய எம்.பி. 3 கோப்பில் அதிற் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும். ஜெர்மனி நாட்டு ஃபிரான்ஹோஃபர் நிலையத்தார் முன்னின்று வகுத்த இம்முறை, வலிய ஓசைக்கு அருகிலுள்ள மெல்லோசையைச் செவி உணராது என்னும் இயல்பைப் பற்றியது. செவி உணராததனை அது நீக்குகின்றது. மிகச் சுருக்கினால் உணர்வதும் உடன் நீங்கும். இதனை ஆக்கியோருள் ஒருவராகிய பிராண்டன்பர்க், சூசன் வேகா என்பார் பக்கவாத்தியமின்றிப் பாடிய டாம்ஸ் டைனர் என்னும் பாட்டைத் தம் உரைகற்களுள் ஒன்றாகக் கொண்டார். பெருங்குழுவின் ஆரவாரத்தில் மறையுங் குற்றம் தனிக்குரலில் மறையாதன்றோ! 256 அல்லது 320 ஆயிரம் பிட்டுக் கோப்பில் வேறுபாடு காண்டல் பெரும்பாலோர்க்கு அரிது. ஃபிளாக் என்னும் முறை ஒன்றையும் நீக்காமல் ஏறக்குறையப் பாதியிடத்தில் அடக்குவது. மெமரி கார்டு மலிந்த இந்நாளில் அதனைக் கொள்ளத் தடையில்லை. ஆயினும் 1930ஆம் ஆண்டையொட்டி அரக்குத் தட்டிற் பதிந்த பழம்பாடலை எந்தக் கோப்பில் இட்டாலும், தட்டில் இல்லாத ஓசை வந்துவிடாது.

இதுகாறுங் கூறியவற்றினும் இயர்போனே தலையாயது. கருவி தரும் மின்னலையைக் காற்றின் அசைவாக மாற்றுவது அது. ஒலிக்கும்பொருட்டு உறுப்பொன்று அசைவது இவ்வோரிடத்திலேயே. ஆதலிற் குற்றம் மிகுதியும் பிறப்பதும் இங்கேயே. நன்கமைந்த கருவிகள் இரண்டனிடையே ஒலியளவின் வேறுபாடு ஒரு டெசிபெலின் சிறு கூறாகவே நிற்கும். இயர்போன்கள் இரண்டனிடையே அது பல டெசிபெலாகப் பெருகும். ஒன்று மிருதங்கத்தின் தொப்பியை முரசாக்கும். மற்றொன்று பாடகரின் சகர வோசையைச் சீறலாக்கும். விலை மிகுந்தால் இக்குற்றம் நீங்குமோ எனின், நீங்காது. 2017இற் பிரேபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் இயல்பை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டிற்குந் தொடர்பில்லை எனக் கண்டார். பொற்பூச்சுப் பூசிய முனையும் பின்னிய கம்பியும் காட்டி விலை கூறுவாரிடம் இச்செய்தியை நினைவிற்கொள்க.

செவியிற் பொருந்துதலும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. செவித்துளையினுள் இடும் இயர்போனின் ரப்பர் முனை துளையை நன்கு அடைக்காவிடிற் கீழோசை கசிந்துபோம். தேவாலயத்துப் பைப் ஆர்கனில் 16 அடிக் குழாயின் தாழ்ந்த ஓசை ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸ் அளவினது. முனை சிறிது தளர்ந்தாற் போதும், அவ்வோசை இருந்த இடந் தெரியாது. கேட்போர் கருவியைப் பழிப்பர். உடன் வரும் முனைகள் எல்லாவற்றையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். இரு செவித்துளைகளும் ஒரே அளவின என்னும் நியதியும் இல்லை. வலத்திற்குப் பெரியதும் இடத்திற்குச் சிறியதும் பொருந்துவார் உளர்.

கருவியின் மின்சுற்றில் நோக்கற்பாலன சில. அமைதியான அறையிற் பாட்டில்லாதபொழுது இயர்போனில் ‘உஸ்’ என்னும் இரைச்சல் கேட்குமாயின் அக்கருவியை விலக்குக. அடுத்தது வெளியீட்டு மின்தடை. அஃது இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்பர். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம் எல்லை. இவ்வெல்லை கடந்தாற் சிலவகை இயர்போன்களில் மேலோசையுங் கீழோசையுந் தத்தம் அளவு திரியும். பெட்டியின்மேல் இவ்வெண் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. வேண்டாத எண்களுக்கே பெரிய எழுத்து! இவ்விரண்டினுந் தேறுவதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தார் 2018இல் அமெரிக்காவில் 9 டாலருக்கு வெளியிட்ட, விரலளவினதாகிய யு.எஸ்.பி. சி இணைப்பான் அளவீடுகளிற் பல விலையுயர்ந்த கருவிகளோடு ஒப்ப நின்றது. 300 ஓம் மின்தடையுள்ள பெரிய ஹெட்போன்களை இயக்க விரும்புவார்க்கு மட்டும் மிக்க மின்னழுத்தந் தரும் தனிக்கருவி இன்றியமையாதது. பாடம் படிக்கும்பொழுது அழைப்பும் செய்தியும் குறுக்கிடாமற் கேட்கலாம் என்பதும் தனிக்கருவியின் நன்மையே. அஃது ஓசையைச் சார்ந்த நன்மையன்று.

புளூடூத் வழிக் கேட்பார் ஒன்றை அறிதல் வேண்டும். அங்ஙனங் கேட்குங்கால் எண்ணை ஓசையாக்கும் சுற்று இயர்போனுக்குள்ளேயே உளது. கருவியிலுள்ள விலையுயர்ந்த சுற்று வாளாவிருக்கும். கோப்பும் பெரும்பாலும் வழியில் மீண்டுமொருமுறை சுருக்கப்படும். சோனியார் 2015இல் வெளியிட்ட எல்டாக் முறை நொடிக்கு 990 ஆயிரம் பிட்டு வரை செலுத்துவதாயினும், கருவி, இயர்போன் ஆகிய இரண்டும் அதனை உடையனவாதல் வேண்டும்.

சோதிக்கும் முறையைக் கூறுவாம். இரண்டு கருவிகளை ஒப்பிடுங்கால் இயர்போனும் பாட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒலியளவைச் சமமாக்குக, சிறிதே உரத்தொலிப்பது செவிக்கு இனிமை மிக்கதாகத் தோன்றுதல் இயல்பு, இதனை விற்போர் நன்கறிவர். தோழர் ஒருவர் மாற்றிக் கொடுக்க, எது எதுவெனப் பாராது கேட்டல் மிக நன்று. கடைக்காரர் இடும் பாட்டை விடுத்து, நாம் பலகாலுங் கேட்டுப் பழகிய பாட்டை இடுக. தம்பூரோடு கூடிய தனிக்குரல் ஒன்று, மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்று, நாற்குரற் பாடகர் குழுவின் பாட்டு ஒன்று ஆகிய மூன்றும் போதும். முதலாவதில் தம்பூரின் மீட்டு குரலின் பின்னே தொடர்ந்து கேட்கின்றதா எனவும், இரண்டாவதில் வலந்தலையும் தொப்பியும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றனவா எனவும் நோக்குக. மூன்றாவதில் ஆல்ட்டோவையும் டெனரையும் தனித்தனியே பின்தொடர முயலுக; நடுக்குரல்கள் குழம்பினால் இயர்போன் குறையுடையதென்க. கல்லூரிப் பாடகர் குழுவிற் பயின்றோர்க்கு இஃது எளிது.

ஐயாயிரம் ரூபாயுடன் கடைக்குச் செல்லும் மாணவர் கைபேசி உடையராயின், எம் கருத்துப்படி அதில் நான்கு பங்கை இயர்போனுக்கும் ஒரு பங்கை இணைப்பானுக்கும் வகுத்தல் தகும். வெளியோசையைத் தடுக்கும் இயர்போனைத் தெரிதல் வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பேருந்தின் இரைச்சலை வெல்லவே பலரும் ஒலியை உயர்த்துகின்றனர். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் மனிதர்க்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மேலோசையும், பின்னர்ப் பேச்சின் மெய்யெழுத்து வேறுபாடும் புலப்படாமற்போம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த அளவின்படி, பெரியோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 89இல் 5 மணி, 92இல் இரண்டரை மணி. உச்ச ஒலியளவிற்கு எல்லையிடும் வசதி பெரும்பாலான கைபேசிகளிலும் கருவிகளிலும் உண்டு. அமைதியான அறையில் அமர்ந்து, இனிதாகக் கேட்கும் அளவைக் கண்டு, அதற்குச் சிறிது மேலே அவ்வெல்லையை வாங்கிய அன்றே அமைத்துக்கொள்க.