மருந்தும் குழலும்

நோய் தீர்ப்பதையும் மருந்து என்கிறோம். துப்பாக்கிக் குண்டைத் தள்ளுவதையும் மருந்து என்கிறோம். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கரும் இவ்விரண்டுக்கும் ‘மந்து’ என்னும் ஒரே சொல்லை வழங்குகின்றனர். முதல் மருந்து அளவு மிஞ்சினால் கெடுவது உடல். இரண்டாவது மிஞ்சினால் கெடுவது குழல். அது எவ்வாறு கெடுகிறது, எம்மருந்தால் மிகுதியாகக் கெடுகிறது என்பதைப் பந்தயச் சுழல் துப்பாக்கியை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்கு ஒரு பழைய மனக்குறையே காரணம். சித்தூரில் பள்ளி மாணவனாக என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைபிளால் சுடும் பயிற்சி நடந்தது. என் குண்டுகள் தாளெங்கும் சிதறின. “உனக்குக் கை நடுங்குதப்பா” என்றார் பயிற்றுநர். தேர்வுப் பட்டியலிலிருந்து என் பெயர் நீங்கியது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நம்பியிருந்தேன். ஆனால் அத்தாளில் ஒன்றை அப்போதே கண்டிருந்தேன்; பொருள்தான் விளங்கவில்லை. துளைகளில் இரண்டு வட்டமாக இல்லை. சாவித்துவாரம்போல் நீண்டு கிடந்தன.

குழலின் உட்புறத்தில் திருகுபோல் புரிகள் வெட்டியிருப்பார்கள். குண்டு அப்புரிகளைப் பற்றிக்கொண்டு பம்பரம்போல் சுழன்று வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாததுபோல் சுழலும் குண்டும் தலை முன்னே நிற்கச் செல்லும். புரி தேய்ந்துவிட்டால் சுழற்சி குன்றும். குண்டு புரண்டு பக்கவாட்டில் தாளைக் கிழிக்கும். நீண்ட துளையின் பொருள் அதுவே. நடுங்கும் கை குண்டை இடம் மாற்றலாம். வட்டத்தை நீள்வட்டமாக்க அதனால் இயலாது.

இனி மருந்துக்கு வருவோம். பல நூற்றாண்டுகள் உலகம் அறிந்த மருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்து ஒன்றே. அது எரியும்போது பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகும். எஞ்சியது புகையும் கசடுமாய்க் குழலில் படியும். அதன் சூடும் அழுத்தமும் அளவானவை. குழலை அது அழுக்காக்கும், துடைக்காவிட்டால் துருவேற்றும்; ஆனால் எளிதில் அரித்துவிடாது. 1884இல் பிரான்சின் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டார். 1887இல் ஆல்பிரட் நோபல் பாலிஸ்டைட்டைச் செய்தார். 1889இல் இங்கிலாந்தில் ஏபலும் தேவாரும் கார்டைட்டை உருவாக்கினர். புகை போயிற்று, வேகம் வந்தது. அத்துடன் புதியதொரு தொல்லையும் வந்தது.

1888இல் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ–மெட்போர்டு ரைபிளின் புரிகள் ஆழமின்றி, விளிம்பு உருண்டு அமைந்தவை. கருமருந்தின் கசடு மூலைகளில் சேராதிருக்க மெட்போர்டு அவ்வாறு அமைத்தார். கருமருந்துக்கு அது மிகச் சிறந்த அமைப்பே. கார்டைட் வந்ததும் அந்த மெல்லிய புரிகள் விரைவில் மழுங்கிப்போயின. ஆகவே 1895இல் ஏழு புரிகளுக்கு மாற்றாக ஆழமும் கூர்மூலையும் கொண்ட ஐந்து புரிகளை வெட்டினார்கள். அதுவே லீ–என்பீல்டு ஆயிற்று. வங்காளத்து இஷாப்பூர் ஆலையில் பன்னெடுங்காலம் செய்யப்பட்டு, நம் காவலர் தோள்களில் அண்மைவரை தொங்கிய .303 ரைபிள் இதன் வழிவந்ததே. மருந்து மாறியதால் குழலின் வடிவமே மாறிய கதை இது.

குழலை மாற்றியது போதவில்லை; மருந்தையும் மாற்ற நேர்ந்தது. முதற் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோ கிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின் இருந்தன. பீரங்கிக் குழல்கள் இதனால் அரிக்கப்படுவது கண்டு, 1901ஐ ஒட்டி நைட்ரோ கிளிசரினை 30 பங்காகக் குறைத்து வெடிபஞ்சை 65 ஆக்கினார்கள். இந்தக் கார்டைட்டுக்கு நம் நாட்டில் வீடு எது தெரியுமா? நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காடு! 1903இல் எழுந்த அந்த ஆலை காட்டேரி அருவியின் மின்சாரத்தைக் கொண்டது. இன்றும் இயங்குகிறது, 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளது. உதகைக்கு ரயிலில் போகும் நம்மவர் அந்நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டு மீண்டும் மலைகளைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள்.

நைட்ரோ கிளிசரின் குறைந்தால் அரிப்பு குறைவதேன்? அதன் மூலக்கூறு தன்னிலுள்ள கரியையும் ஹைட்ரஜனையும் முழுதும் எரிப்பதற்கு வேண்டியதற்கும் சற்று மேலாகவே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. ஆகவே அது முழுமையாக எரிந்து மிகுந்த வெப்பம் தரும். வெடிபஞ்சோ ஆக்சிஜன் போதாத பண்டம், அதில் பெரும்பகுதி கார்பன் மோனாக்சைடு அளவிலேயே நின்றுவிடும், சுடர் குளிர்ச்சியானது. குளிர்ச்சி என்பது ஒப்புமைக்குத்தான். இரும்பை உருக்க அதுவும் போதும். வெடிபஞ்சு மட்டும் கொண்டதை ஒற்றை அடிப்படை மருந்து என்றும், நைட்ரோ கிளிசரின் சேர்ந்ததை இரட்டை அடிப்படை மருந்து என்றும் கூறுவர்.

குழலின் உள்தோலில் நடப்பதைக் காண்போம். உயர்விசை ரைபிளில் ஒவ்வொரு சுடுதலின்போதும் சில நூற்றிலொரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தோல் மட்டும் ஆயிரம் பாகையை எட்டிவிடும், வெளிப்புறம் கைச்சூடுதான். எஃகு ஏறத்தாழ 730 பாகைக்கு மேல் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். அடுத்த கணமே பின்னாலுள்ள குளிர்ந்த எஃகு அச்சூட்டை உறிஞ்சிவிடும். கொல்லன் காய்ச்சிய அரிவாளை நீரில் தோய்ப்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. தோல் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைந்து, கோடையில் வற்றிய ஏரிப்படுகைபோல் வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. வாயுவிலுள்ள கார்பன் அத்தோலில் ஏறும். தூய இரும்பு உருகுவது 1538 பாகையில். கார்பன் போதிய அளவு ஏறிய இரும்போ 1147 பாகையிலேயே உருகத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த மருந்தானால் குழலுக்கு முற்றிலும் நல்லது என்று சொல்லிவிட இயலாது. சூடு குறைந்தாலும் அதன் வாயு கார்பனை ஏற்றும். எனினும் இரண்டில் சூடே வலியது.

இவ்வளவும் ரைபிளுக்கும் பீரங்கிக்கும். பந்தயச் சுழல் துப்பாக்கியின் நிலை வேறு. 25 மீட்டர் சென்டர் பயர் போட்டியில் 60 சுடுகள். 30 நிதானமாக, 30 விரைவாக. குழலின் விட்டம் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா பொன் வென்றது இப்போட்டியில்தான். இதில் பெரிதும் வழங்குவது .32 நீளத் தோட்டா, கான்பூரில் செய்யப்படும்.32 சுழல் துப்பாக்கிக்கும் அதே தோட்டாதான். இதன் குண்டும் .303 ரைபிளின் குண்டும் விட்டத்தில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ரைபிளில் 2 கிராம் மருந்து. இதில் ஏறக்குறைய அதன் இருபதில் ஒரு பங்கு! ஒரே அளவுப் பாதையில் இருபதிலொரு பங்கு நெருப்பு செல்கிறது. அழுத்தமும் மூன்றிலொரு பங்களவே.

ஒரு சிறு கணக்கு. நான்கு அங்குலக் குழலைக் குண்டு கடக்க ஆயிரத்திலொரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். பத்தாயிரம் முறை சுட்டாலும் குழல் நெருப்பில் நின்றது மொத்தம் பத்து வினாடி! ஒருவர் பல ஆண்டுப் பயிற்சியெல்லாம் கூடி ஒரு தீக்குச்சி எரியும் நேரம்.

இதனால் பந்தயக்காரர் சிலரிடையே நிலவும் ஓர் அச்சம் ஆதாரமற்றது என்பது என் கருத்து. 1898இல் வந்த புல்ஸ்ஐ என்னும் அமெரிக்க மருந்து நைட்ரோ கிளிசரின் மிகுந்த இரட்டை அடிப்படை மருந்து; பின்லாந்தின் விஹ்தவூரி என்.310 ஒற்றை அடிப்படை. முன்னது குழலைத் தின்னும், பின்னது காக்கும் என்பர். ஏட்டளவில் அது சரியே. ஆனால் அரிப்பைத் தீர்மானிப்பது சுடரின் சூடு மட்டுமன்று, எரியும் மருந்தின் அளவும் ஆகும். 0.1 கிராம் மருந்தில் இவ்வேறுபாடு குழலில் தெரிவதற்குள் சுடுபவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

மருந்தின் தேர்வு உண்மையாகவே உறைப்பது மேக்னம் தோட்டாக்களில். சுழல் துப்பாக்கியில் தோட்டா இருக்கும் உருளை வேறு, குழல் வேறு; இடையே முடியளவு சந்து உண்டு. குண்டு அச்சந்தைத் தாண்டிக் குழலின் கூம்பு வாயில் நுழைய வேண்டும். 1935இல் வந்த .357 மேக்னத்தில், பிற்காலத்தில் 8 கிராம் எடையுள்ள இலேசான குண்டையும் மெதுவாய் எரியும் மருந்தை மிகுதியாகவும் இட்டார்கள். குட்டைக் குண்டு தோட்டாக் கூட்டை விட்டு விரைவில் விலக, எரிந்தும் எரியாததுமான துகள்கள் மணல்வீச்சுப்போல் கூம்பு வாயைத் தாக்கின. மேற்சட்டத்தில் சுடர் கோடு கிழித்தது. ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் கே வகைச் சட்டத்தில் கூம்பு வாயின் அடிப்புறம் மெல்லியது. அங்கே குழல்கள் பிளந்தன. 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் எல் என்னும் சற்றே பெரிய சட்டத்தைக் கொண்டுவந்தது. 1888இன் ரைபிளுக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது: மருந்து முந்திக்கொண்டது, இரும்பு பின்தொடர்ந்தது.

நம் திருப்பதி மாவட்டத்திலேயே இதனினும் பெரிய குழல் ஒன்று உண்டு. 2022 முதல் சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் ஏறத்தாழ 138 டன் திண்மருந்து ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாக எரிகிறது. அச்சுடர் பாயும் குறுகிய தொண்டையும் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் பொறியாளர் அதற்கு இரும்பை நம்புவதில்லை. கார்பனைச் சார்ந்த பொருள்களை வைத்து, இவ்வளவு தேயும் என்று முன்னமே கணக்கிட்டு விடுகிறார்கள். ஒருமுறை எரிந்தபின் அது கடலுக்குத்தானே! 1780இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயர்மேல் பாய்ந்த மைசூர் ராக்கெட்டுகளின் இரும்புக் குழாய்களுக்கும் தேய்மானக் கவலை இல்லை. அவற்றைச் செலுத்திய ஹைதர் அலி இறந்தது 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில். மீண்டும் மீண்டும் பயன்படும் குழலுக்கே இத்தொல்லைகளெல்லாம்.

பந்தயக் குழலை மருந்து அவ்வளவாகத் தின்னவில்லையெனில் வேறு எது தின்கிறது? ஈயமும் துருவும் துடைகோலும். குழலுக்குச் சற்றே சிறுத்த ஈயக் குண்டின் ஓரமாக வாயு கசிந்தால் ஈயம் உருகிப் புரிகளில் அப்பிக்கொள்ளும். ஈயம் உருகுவதற்கு 327 பாகையே போதும். துருவுக்கு முற்காலத்தில் காரணமாய் இருந்தது மருந்தன்று, அதைப் பற்றவைக்கும் பிரைமரே. அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட்டு எரிந்து சமையலுப்பின் உறவினமான பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படியும். பழவேற்காட்டுக் காற்றுப் போன்ற ஈரக்காற்றில் அது ஒரே இரவில் துருவை எழுப்பும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காது. அதனால்தான் பழைய சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். உப்பில்லாப் பிரைமர் 1920களின் இறுதியில் ஜெர்மனியில் வந்தது.

துடைகோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுழல் துப்பாக்கியில் சட்டம் குறுக்கே நிற்பதால் பின்புறமிருந்து கோலை நுழைக்க வழியில்லை; முன்வாயிலிருந்தே துடைக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் முன்வாய். அதன் விளிம்பு ஒருபுறம் மட்டும் தேய்ந்தால், விலகும் குண்டின் பின்னால் வாயு ஒருபுறம் முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். கோலில் ஒட்டிய மணல் துகள் அரம்போல் வேலை செய்யும். கோல் உரசாதிருக்கப் பித்தளைக் காப்பு ஒன்றை முன்வாயில் பொருத்திக்கொள்வது நல்லது.

எங்கள் .22 ரைபிளுக்குப் பின்வழி உண்டு. ஆயினும் அதை நாங்கள் முன்வாயிலிருந்தே துடைத்தோம். வாரந்தோறும், வளைந்த இரும்புக் கோலால், காப்பு ஏதுமின்றி, வரிசையில் நின்ற முப்பது பையன்களும் ஆளுக்குப் பத்து முறை இழுத்தோம். அதிகம் இழுத்தவனுக்குப் பாராட்டும் உண்டு. .22 தோட்டாவிலுள்ள மருந்து மிகச் சிறியது. அது அக்குழலைக் கெடுத்திருக்க முடியாது. கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.