இணையவழிக் கல்வியும் தொழிற்களப் பண்பும்

ஆசிரியனை நாடி மாணாக்கன் செல்லுதலே பண்டைக் கல்வி முறை. 1922-ஆம் ஆண்டிற் சிவகாசியினின்றும் திருவாளர்கள் அ. சண்முக நாடாரும் ப. அய்ய நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கும்பொருட்டுக் கல்கத்தாவிற்குச் சென்றனர். மீண்டு வந்து 1923-இல் தம்மூரில் அத்தொழிலைத் தொடங்கினர். வானம் பார்த்த இக்கரிசற் பூமியில் தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும் பல்லாயிரங் குடும்பங்களுக்குப் பிழைப்பாயினமைக்கு அப்பயணமே வித்தாயிற்று.

இந்நாளிலோ ஆசிரியனே மாணாக்கனைத் தேடி வருகின்றான். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2003 முதல் வகுத்துவரும் என்.பி.டி.இ.எல். பாடங்களும், 2017-இல் மத்திய அரசினர் தொடங்கிய ஸ்வயம் தளமும், 2022-இல் தமிழக அரசினர் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் கைப்பேசி வழியே நம் சிற்றூர்களுக்கும் எட்டுவன. வெளியூர் சென்று கற்க இயலாத ஏழை மாணவிக்கு இஃதொரு பெரும்பேறென்பதில் ஐயமில்லை.

தொழிலும் மாறிவருகின்றது. 2018-இல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புக்களைத் தடை செய்தது. நாகபுரித் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் பசுமைப் பட்டாசுக் கலவைகளை வகுத்தளித்தனர். தலைமுறையாய்ப் பழகிய கையும் புதிதாய்க் கற்கவேண்டிய நிலை உண்டாயிற்று.

நிற்க. இணைய வழியிற் கற்கத்தக்கது எது, அவ்வழியே மட்டும் கற்கவொண்ணாதது எது என்பதை ஆராய்வோம். அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரஞ் சேரின், அது தானே வெப்பங்கொண்டு தீப்பற்றவுங் கூடும். ஆதலின் மீந்த மருந்தை அறையில் இரவு வைத்தலாகாது. இவ்வுண்மையை இணையப் பாடம் ஒரு நாழிகையிற் புகட்டிவிடும். ஆயின், தீபாவளிச் சரக்கு விரைந்து வேண்டுமென முதலாளி நெருக்கவும், கூலி குறையுமேயெனத் தொழிலாளர் தயங்கவும், “இன்று இவ்வளவே போதும், வேலையை நிறுத்துக” என இருசாராரும் ஏற்குமாறு சொல்லவல்ல போர்மேனை உருவாக்குவது எது? தாயை யொத்த வயதினள் ஒருத்தி, “தம்பி, மருந்து சூடாயிருக்கிறது” எனின், நகையாது செவிசாய்க்கும் பண்பைத் தருவது எது?

இதனை மென்திறன் என வழங்குவர். பெயர் மென்மையாயினும் மருந்தறையில் அஃது உயிர்க்காப்பாகும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்ட துயரை இம்மாவட்டம் மறவாது. பாதுகாப்பு விதி ஏட்டிலிருந்தாற் போதாது. உரிய வேளையில் ஒருவர் நாவிலும் மற்றொருவர் செவியிலும் இருத்தல் வேண்டும்.

இத்திறன் நமக்குப் புதிதன்று. கேள்வி, சொல்வன்மை எனத் தனித்தனி அதிகாரங்களை வள்ளுவனார் வகுத்துள்ளார். ஆயினும் நீச்சலைப் போல் இதுவும் பழகியே பெறுதற்குரியது. ஆதலின், மாணவ நண்பர்களே, வாரந்தோறும் இணையத்திற் கற்ற பாடமொன்றை அத்தொழிலறிந்த பெற்றோர்க்கோ அயலார்க்கோ எளிய தமிழில் விளக்குமின். அவர் கூறும் மறுப்பைப் பொறுமையுடன் கேட்டுக் குறித்துக்கொண்மின். விளங்காதவிடத்து மீண்டும் பாடத்தை நாடுமின். சான்றிதழ் வேலைக்கு வாயில் திறக்கும். உள்ளே உடனுழைப்போர் நம்மை நம்பத்தக்கவராய் வாழ்தலே கற்றதன் பயனாகும்.