கடை பூட்டியிருந்த நேரத்தில் விழுந்த பில்

வியாபாரச் சகோதரர்களே, இந்த வாரம் கணக்கைப் பற்றி அல்ல, கணக்கின் மேல் விழும் நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். சிறிய விஷயம் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

2022 மார்ச் மாதம். மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போன காலம். ஒரு சனிக்கிழமை காலை முதல்நாள் பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பகல் 12.46க்கும் 12.58க்கும் இடையில் நான்கு பில்கள் இருந்தன. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை 12 மணிக்கு ஷட்டரை இறக்கினால் ஜும்ஆ முடிந்து 1.30க்குத்தான் தூக்குவோம். போதாததற்கு, அந்த நான்கில் 38,000 ரூபா பில் ஒன்று போட்டு இரண்டே நிமிடத்தில் ரத்துச் செய்யப்பட்டிருந்தது. கமராப் பதிவைப் பார்த்தேன். 12.50க்குக் கடை இருட்டாக, ஆளில்லாமல் கிடந்தது. பில் மட்டும் விழுந்திருக்கிறது!

திறப்பு எப்போதும் எங்கள் கிளார்க்கிடம்தான் இருக்கும். 11 வருடம் என்னோடு வேலை செய்பவர். கூப்பிட்டுக் கேட்டேன். "ஹாஜியார், நான் பள்ளியில உங்களுக்குப் பின் ஸஃப்பிலதானே நின்டேன்" என்றார். "அப்ப திறப்பு யார்ட்ட இருந்தது?" என்று நான் கேட்ட தொனி எனக்கே பிறகு பிடிக்கவில்லை. மனிதர் பதில் சொல்லாமல், பில்லோடு பின் பண்ணி வைத்திருந்த கிரெடிட் கார்ட் துண்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ரத்தான பில்லுக்குப் பதிலாக 12.54க்குப் போட்ட பில்லில் இணைத்திருந்த துண்டில் நேரம் 1.44. வாடிக்கையாளர் முதலில் காசு தருவதாகச் சொல்லி, பிறகு கார்ட்டை நீட்டியிருக்கிறார். அதற்காகப் பழைய பில்லை ரத்துச் செய்து புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சேர்வர் 50 நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிப் பின்தங்கியது? எங்கள் பில் போடும் சேர்வர் தனி இயந்திரம் அல்ல, வேர்ச்சுவல் மெசின். ஒரு பெரிய கட்டடத்தைப் பலகையால் தடுத்து மூன்று கடைகளாக வாடகைக்குக் கொடுப்பது போல, ஒரே கம்பியூட்டருக்குள் மூன்று கம்பியூட்டர்களை ஓட்டும் முறை இது. செலவு குறைவு, நல்ல முறை. ஆனால் உள்ளே இருப்பவருக்குச் சொந்தமாக மணிக்கூடு கிடையாது. கட்டடக்காரர் காட்டும் நேரத்தைத்தான் அவர் நம்ப வேண்டும். வியாழக்கிழமை கரண்ட் போனதும் யூ.பி.எஸ். பற்றரி இறங்கி, பெரிய கம்பியூட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளுமுன் உள்ளே இருந்தவற்றை அப்படியே உறங்க வைத்துவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஊற்ற 50 நிமிடம் போனது. கரண்ட் வந்ததும் உள்ளே இருந்த சேர்வர், தான் தூங்கியதே தெரியாமல், விட்ட நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. கவுண்டர் கம்பியூட்டர்கள் தம் சொந்த நேரத்தைச் சரியாகவே காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பில்லில் விழுவது சேர்வரின் நேரம்.

எழுந்ததும் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ள அதற்கு வழி இருந்திருக்க வேண்டும். வைரஸ் வரும் என்று பயந்து சேர்வரின் இன்டர்நெட்டை முழுதாக வெட்டச் சொன்னது நான்தான். கட்டடக்காரரோடு பேச வைக்கும் சிறிய சொஃப்ட்வெயாரை வந்து பொருத்தியவர் போடவே இல்லை. ஆக, பிழையில் பாதி என்னுடையது.

கரண்ட் போகாவிட்டாலும் கம்பியூட்டர் நேரம் பிசகும். உள்ளே இருப்பது கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற ஒரு குவார்ட்ஸ் துண்டு. செக்கனுக்கு 32,768 தடவை அதிர வேண்டும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 செக்கன், வருடத்துக்குப் பத்து நிமிடம். சூடு குளிரிலும் மாறும். மதர்போர்ட்டில் உள்ள 2032 என்ற நாணயம் போன்ற பற்றரி செத்தால், அணைத்துப் போடும்போது திகதியே பல வருடம் பின்னால் போய்விடும். இணைய வங்கிப் பக்கம் திறக்காமல் "பாதுகாப்பற்றது" என்று வந்தால், முதலில் கம்பியூட்டரின் திகதியைப் பாருங்கள். பல தடவை விஷயம் அதுதான்.

நேரத்தைக் கேட்டு வாங்கும் முறைக்கு என்.ரி.பி. என்று பெயர். டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1985இல் வகுத்தது. கண்பார்வை குன்றியவர், 2024இல் காலமானார். புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு ஒரு பையனை அனுப்பி நேரம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். என் கடிகாரத்தில் 10.00க்குப் போனான், 10.04க்குத் திரும்பினான். கோபுரத்தில் பார்த்த நேரம் 10.05. போகவும் வரவும் ஒரே அளவு நேரம் எடுத்திருந்தால், அவன் கோபுரத்தடியில் நின்றபோது என் கடிகாரம் 10.02. ஆக, நான் மூன்று நிமிடம் பின்னால். என்.ரி.பி. இதையே செக்கனின் சிறு பங்கில், திரும்பத் திரும்ப, பல கோபுரங்களிடம் கேட்டுச் செய்கிறது. இலங்கை நியம நேரத்தைப் பேணுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். தராசுக்கு முத்திரை குத்தும் அதே திணைக்களம்தான் என்பதைக் கவனியுங்கள்.

நான் பிறகு செய்ததைச் சொல்கிறேன். சேர்வரின் இன்டர்நெட்டைத் திறந்துவிடவில்லை. கடையின் ரவுட்டரில் யூ.டி.பி. 123 என்ற வாசலை மட்டும், அதுவும் பெரிய கம்பியூட்டருக்கு மட்டும் திறக்க வைத்தேன். அது வெளியில் கேட்கிறது, உள்ளே உள்ள மூன்றும் என்.ரி.பி. மூலம் அதனிடம் கேட்கின்றன. இங்கே ஒரு தகராறு உண்டு. உள்ளே இருப்பது என்.ரி.பி. மூலமும் திருத்த, கட்டடக்காரரின் சொஃப்ட்வெயாரும் நிமிடத்துக்கொரு தடவை திருத்தினால், இரண்டு முதலாளிகள் ஒரு பொடியனுக்கு வேலை சொல்வது போல் நேரம் முன்னும் பின்னும் ஆடும். அன்றாடத் திருத்தத்துக்கு ஒருவர் போதும். தூங்கி எழும்போது மட்டும் கட்டடக்காரர் ஒரு தரம் நேரத்தைச் சொல்லட்டும்.

விண்டோஸ் டொமெய்ன் வைத்திருக்கும் பெரிய கடைகளில் இன்னொரு சிக்கல் வரும். தலைமைச் சேர்வரே வேர்ச்சுவல் மெசினாக இருந்து, பெரிய கம்பியூட்டர் அதனிடம் நேரம் கேட்க, அது திரும்பப் பெரிய கம்பியூட்டரிடம் கேட்டால், நானா தம்பியைக் கேட்டு, தம்பி நானாவைக் கேட்ட கதைதான். இரண்டும் ஒற்றுமையாகப் பிழைக்கும். ஒருவராவது வெளியில் கேட்க வேண்டும். அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேலையாட்களுக்கு உள்நுழையவே முடியாமல் போகும்.

நேர வலயத்தையும் பார்க்க வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே 25இல் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15இல் இன்னும் அரை மணி பின்னே வந்து பழைய 5.30க்கே திரும்பினோம். விண்டோஸ் எக்ஸ்பியில் முதலில் இருந்த ஸ்ரீ ஜயவர்தனபுர வலயம் 6 மணி. என்.ரி.பி. உலகப் பொது நேரத்தை மட்டுமே தரும், வலயத்தைக் கூட்டுவது உங்கள் கம்பியூட்டரின் வேலை. அப்டேட் காணாத பழைய இயந்திரம் மூலையில் ஓடினால், என்.ரி.பி. சரியாக இருந்தும் அரை மணி கூடுதலாகக் காட்டும். அதைக் கையால் பின்னே திருப்பினால் சுவரோடு ஒத்துப்போகும், மற்ற எல்லாவற்றோடும் பிழைக்கும்.

பெரிய திருத்தம் செய்வதானால் கடை திறக்குமுன் செய்யுங்கள். முக்கியமாகப் பின்னே திருப்பும்போது. வியாபாரம் நடக்கையில் 20 நிமிடம் பின்னே போனால் 501ஆம் பில் 500ஆம் பில்லுக்கு முன்னே போட்டதாக நிற்கும், எந்தக் கணக்காய்வாளரும் புருவத்தைத் தூக்குவார். மிகச் சிறிய வித்தியாசம் என்றால் என்.ரி.பி. தானே மெதுவாக ஓட்டிச் சரிசெய்துவிடும்.

கமராப் பெட்டி, விரல் வைக்கும் வரவு இயந்திரம் இரண்டையும் மறந்துவிட வேண்டாம். எங்கள் கமராப் பெட்டி ஏழு நிமிடம் முன்னே ஓடியது பிறகுதான் தெரிந்தது. இப்போது மாதத்தின் முதல் நாள் கிளார்க் எல்லாவற்றின் நேரத்தையும் தன் போனோடு ஒத்துப்பார்த்து ஒரு கொப்பியில் எழுதுகிறார். கரண்ட் போய் வந்தால் அன்றே ஒரு தரம். கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த 1.44 துண்டை ஒட்டி வைத்திருக்கிறார். நான் கழற்றச் சொல்லவில்லை.