நீறு பூத்த நெருப்பு

விண்மீன்களுள் தனித்து இயங்குவனவும் உண்டு. இரண்டிரண்டாய்க் கூடி ஒன்றையொன்று சுற்றி வருவனவும் உண்டு. அத்தகைய இணைகள் சிலவற்றில் ஒன்று நியூட்ரான் விண்மீனாக இருக்கும். மிகப் பெரிய விண்மீன் எரிபொருள் தீர்ந்து வெடிக்கும்போது, அதன் நடுப்பகுதி தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் ஒடுங்குகிறது. எஞ்சுவதே நியூட்ரான் விண்மீன். கதிரவனினும் மிகுந்த பொருள், 20 கிலோமீட்டரை ஒட்டிய குறுக்களவுள்ள உருண்டைக்குள் அடங்கிவிடுகிறது. அதில் ஒரு தேக்கரண்டி அளவு 100 கோடி டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது.

இவ்விண்மீன் தன் துணையின் வாயுவைக் கவர்ந்து இழுக்கிறது. சுழன்று விழும் வாயு கடும் வெப்பமுற்று எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அக்கதிர்களை நிலவுலகின் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆதலின் 1962-ஆம் ஆண்டில் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர்தம் குழுவினரும் ராக்கெட்டில் கருவிகளை ஏற்றி அனுப்பி, விருச்சிக மண்டலத்தில் அத்தகைய இணை ஒன்றை முதன்முதலாகக் கண்டனர்.

சில இணைகளில் வாயுவின் வரத்து இடையறாது நிகழ்வதில்லை. சில காலம் பெருகும். பின்னர் ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய நின்றுவிடும். இதனை ஓய்வு நிலை என்பர். விறகு இடாத அடுப்பு அணைய வேண்டுமன்றோ? ஆயினும், ஓய்வுற்ற விண்மீனிலிருந்து மெல்லிய எக்ஸ் கதிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இவ்வெம்மை எங்கிருந்து வந்தது?

1998-ஆம் ஆண்டில் எட்வர்ட் பிரௌன், லார்ஸ் பில்ட்ஸ்டன், ராபர்ட் ரட்லெட்ஜ் ஆகிய மூவரும் இதற்கு விடை கூறினர். முன்னர் விழுந்த பொருள், பின்னர் விழுவதன் பாரத்தால் மேலோட்டின் ஆழத்திற்கு அமுக்கப்படுகிறது. அங்கு அணுக்கருக்கள் மாற்றமுற்று வெப்பத்தை வெளியிடுகின்றன. அவ்வெப்பமே பின்னர் மெல்லக் கசிகிறது என்பது அவர்தம் கருத்து.

இக்கருத்தைச் சோதிக்க வாய்ப்பும் வந்தது. கே.எஸ். 1731-260 என்னும் இணை, 12 ஆண்டுகளுக்குமேல் வாயுவைக் கவர்ந்து ஒளிர்ந்து, 2001-ஆம் ஆண்டில் ஓய்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா விண்வெளித் தொலைநோக்கி, அதனைப் பலமுறை நோக்கியது. விண்மீன் குளிர்ந்துகொண்டே வந்தது. அதுவும் சில ஆண்டுகளிலேயே பெரிதும் குளிர்ந்தது. வெப்பம் இத்துணை விரைவாக வெளிப்பட வேண்டுமாயின், மேலோட்டின் அணுக்கருக்கள் தாறுமாறாகக் கிடத்தல் இயலாது. படிகம்போல் ஒழுங்காக அமைந்திருத்தல் வேண்டும் என்று அறிஞர் தெளிந்தனர்.

பேரொளி வீசும் காலத்தில் வாயுவின் ஒளியே விண்மீனை மறைத்துவிடுகிறது. அவ்வொளி அடங்கிய பின்னரே விண்மீனின் உள்ளியல்பு புலனாகிறது. எவரும் சென்று காணவியலாத அவ்வாழத்தை, நீறு பூத்த நெருப்பின் மெல்லிய வெம்மையே உலகிற்கு உணர்த்தியது.