திருச்சியில் ஏறும் விமானத்துக்கு எந்த எரிபொருள்?

சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஆள் போகாத ஊர் காரைக்குடி வட்டாரத்தில் அரிது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை நாலு மணி நேரத்தில் கடக்க வைப்பது ஜெட் ஏ-1. மைனஸ் 47 டிகிரி வரை உறையாதபடி சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை. அதில் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. விமானம் விட்டுச்செல்லும் வெண்கோடுகளும் பூமியின் சூட்டைக் கூட்டுகின்றன. இதற்கு மாற்று என்று நாலைந்து பெயர்கள் அடிபடுகின்றன. நமக்கு எது?

மின்சாரம் என்றதும் காரைக்குடிக்காரருக்கு சிக்ரி நினைவுக்கு வரும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953-ல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தில் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் ஒரு கிலோ ஜெட் எரிபொருளில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல். நல்ல பேட்டரியில் 300-ஐ எட்டுவதே பெரிது. சிங்கப்பூர் வரை போக இது ஆகாது. பயிற்சி விமானத்துக்கு ஆகும். 2020-ல் ஐரோப்பாவில் சான்று பெற்ற வெலிஸ் எலெக்ட்ரோ, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 50 நிமிடம் பறக்கிறது. செட்டிநாட்டில் உலகப் போர்க்காலத்து ஓடுதளத்தை மீட்டு விமானப் பள்ளி வைத்தால், இதைத்தான் கேட்க வேண்டும். சின்ன பிஸ்டன் விமானங்களுக்கு ஊற்றும் ஏவ்காஸ் 100எல்எல்-ல் இன்றும் ஈயம் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு மேலே அந்தப் புகை வேண்டாம்.

ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் திரவமாக வைத்திருக்க வேண்டும். 2035-க்குள் பறக்கவிடுவோம் என்ற ஏர்பஸ்ஸே தள்ளிப்போட்டுவிட்டது. இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இன்றைய விமானத்தில், இன்றைய எஞ்சினில் ஊற்றக்கூடியது, செடி எண்ணெய், கழிவு போன்றவற்றிலிருந்து செய்யும் பசுமை விமான எரிபொருள்தான். ஜெட் ஏ-1-உடன் பாதிக்குப் பாதி வரை கலக்க அனுமதி உண்டு. எஞ்சினிலிருந்து வரும் கரியமில வாயு குறையாது. ஆனால் அந்தக் கரி ஏற்கெனவே செடி காற்றிலிருந்து எடுத்தது என்பதால் மொத்தக் கணக்கில் மிச்சம். விலை சாதா எரிபொருளைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு.

எதிலிருந்து தயாரித்தது என்று கேட்காமல் இதை வாங்கக் கூடாது. 2018-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் பறந்தது காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருள் கலந்து. மானாவாரியில் காட்டாமணக்கு சொன்னபடி காய்க்காது என்பதை நம் விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2023-ல் புனேயிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஏர்ஏசியா விமானத்தில் கரும்பு வழி வந்த எரிபொருள். கண்மாய் நிறைந்தால்தான் பயிர் என்ற சிவகங்கைச் சீமையில் விமானத்துக்காகக் கரும்பு நடுவது சரியாகாது. பாமாயில் இன்னும் மோசம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கரியமில வாயுக் கணக்கில் சாதா ஜெட் எரிபொருளுக்கு 89 புள்ளி; புள்ளி கூடினால் கேடு. ஆலைக் கழிவைத் திறந்த குளத்தில் விட்டுத் தயாரித்த பாமாயில் எரிபொருளுக்கு, காடழிப்பையும் சேர்த்தால், 99.

பலகாரம் சுட்ட எண்ணெய்க்கோ வெறும் 14 புள்ளிதான். என் ஓட்டு அதற்கே. சீப்புச் சீடையும் மனகோலமும் தேன்குழலும் வெளியூருக்கெல்லாம் போகும் ஊர் இது. ஈடு ஈடாகப் போட்டு எடுத்ததும் சட்டியில் கறுத்து, நுரை கட்டி, அடியில் மாவுத்தூள் தங்கிய எண்ணெய் நிற்கும். எண்ணெய் சூட்டில் கெடும்போது உருவாகும் துருவப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மறுபடி பொரிக்கக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். இருந்தும் டின்னில் வடித்து மலிவாகக் கைமாற்றும் பழக்கம் போகவில்லை. அதே எண்ணெய் சிங்கப்பூரின் துவாஸிலுள்ள நெஸ்டே ஆலையில் விமான எரிபொருளுக்கு மூலப்பொருள்.

எல்லா விமானத்துக்கும் இந்த எண்ணெய் காணாது. ஆனால் 2027-ல் சர்வதேச விமானங்களுக்கு 1 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் என்பதுதான் இந்தியாவின் இலக்கு. அதைத் தொடங்கிவைக்கப் போதும். அடுத்த கட்டத்துக்குச் சீமைக் கருவேல விறகு இருக்கிறது. விறகை வாயுவாக்கி எரிபொருளாக்கும் முறைக்கும் அங்கீகாரம் உண்டு.

வீட்டில் கல்யாணமென்றால் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மிச்ச எண்ணெய் வாய்க்காலுக்கும் போகக் கூடாது, ரோட்டோரக் கடைக்கும் போகக் கூடாது. ஆற வைத்து, வடிகட்டி, டின்னில் ஊற்றி மூடி வையுங்கள். அதை வாங்கிக்கொள்ளும் பதிவுபெற்ற சேகரிப்பாளர் யார் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.