கார்பரேட்டர் ஸ்க்ரூவைக் கடைசியாத் தொடு, தம்பி!

தம்பி, செயின் சா இழுக்கலைன்னதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு கார்பரேட்டருக்குப் போயிடாத. அது கடைசி வேலை. முதல்ல மேல் மூடியைக் கழட்டி ஏர் ஃபில்டரைப் பாரு. காபித் தோட்டத்துல நிழல் கழிக்கிற சீசன்ல, அரை நாள் சில்வர் ஓக் அறுத்தாலே நைஸ் தூள் அப்பிக் கிடக்கும். காத்து குறைஞ்சா பெட்ரோல் பங்கு கூடிப்போகும். மிஷின் புகையும், அடைச்சு அடைச்சு ஓடும். அந்த நேரம் பார்த்து ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைச்சா ஜோரா ஓடுறதாத்தான் தெரியும். அடுத்த வாரம் யாராவது ஃபில்டரைக் கழுவி மாட்டுவாங்க. இப்ப காத்து முழுசா வரும், பெட்ரோல் மட்டும் குறைஞ்சபடியே இருக்கும். பிஸ்டன்ல கோடு விழுந்து சீஸ் ஆகுற மிஷின் பல இப்படித்தான் போகுது.

நைலான் வலை வச்ச ஃபில்டர்னா சோப்புத் தண்ணியில அலசி, நல்லாக் காய வச்சு மாட்டு. துணி, பஞ்சு வகைன்னா மெல்லத் தட்டித் தூசியை உதிர்த்தா போதும். கம்ப்ரஸரைக் கிட்டப் பிடிச்சு அடிக்காத, கிழிஞ்சிடும். கிழிஞ்ச ஃபில்டரைவிட அழுக்கு ஃபில்டரே மேல்.

அடுத்தது பிளக். முனை காபி கலர்ல இருந்தா சந்தோஷம். கருப்பா எண்ணெய்ப் பிசுக்கோட இருந்தா பெட்ரோல் அதிகம், இல்லைன்னா ஃபில்டர் அடைப்பு. வெள்ளையா வெளிறியிருந்தா பெட்ரோல் பத்தாம சூடாகி ஓடியிருக்கு, அந்த மிஷினை மேற்கொண்டு ஓட்டாத. இடைவெளி பெரும்பாலான மிஷினுக்கு 0.5 மி.மீ. டேங்குக்குள்ள ட்யூப் நுனியில ஒரு குட்டி ஃபில்டர் தொங்கும். வளைஞ்ச கம்பியால வெளிய இழுத்துப் பாரு, கருத்திருந்தா புதுசு போடு, விலை கம்மிதான். சைலன்சர் வாயில வலை இருந்தா அதுல கரி அடைச்சிருக்கான்னும் பார்த்துடு.

அஞ்சு நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் மூச்சு முட்டி நிக்குதா? டேங்க் மூடியைக் கொஞ்சம் லூஸ் பண்ணித் திரும்ப மூடி ஸ்டார்ட் பண்ணு. மறுபடியும் அஞ்சு நிமிஷம் ஓடிச்சுன்னா கார்பரேட்டர் மேல குத்தமே இல்லை. டேங்குக்குள்ள காத்துப் போற வழி அடைச்சிருக்கு.

இன்னொண்ணு, இதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க: மொட்டைச் செயினைப் போட்டுக்கிட்டு "இழுவை இல்லை"ன்னு சொல்றது. அறுக்கும்போது சீவல் சீவலா விழுந்தா செயின் கூர். தூளா விழுந்தா அரம் எடுத்துத் தீட்டு, கார்பரேட்டர்கிட்ட போகவே வேண்டாம்.

பெட்ரோல் கலவையில கஞ்சத்தனமும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா 50-க்கு 1: ஒரு லிட்டருக்கு 20 மில்லி, அஞ்சு லிட்டருக்கு 100 மில்லி. சந்தையில வர்ற பல 52, 58 சிசி மிஷினுக்கு 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லின்னு மூடியிலயோ கையேட்டுலயோ போட்டிருக்கும். அதுல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. "ஆயில் கூடப் போட்டா இன்ஜினுக்கு நல்லதுக்கா"ன்னு நீ சொல்லுவ. கூடப் போட்ட ஆயில் அளவுக்கு கார்பரேட்டர் துளையில வர்ற பெட்ரோல் குறையும்டா. தண்டமா புகையும் வரும், சூடும் கூடும்.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். பல மிஷினோட கையேடு 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்னு சொல்லுது. எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கிறதால, அதே ஸ்க்ரூ அளவுல இன்ஜின் கொஞ்சம் காஞ்சு ஓடும். போதாததுக்குக் காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கும். மலையில மழைக்காலத்துல கேனைத் திறந்து வச்சா கேக்கவே வேண்டாம். அந்தந்த வாரத்துக்கு வேணுங்கிறதை மட்டும் கலக்கு. மாசக்கணக்கா இருந்த கலவையை வச்சு ட்யூனிங் பண்ணி நேரத்தை வீணாக்காத.

இதெல்லாம் முடிச்சும் சரியா ஓடலைன்னா, இப்ப ஸ்க்ரூ டிரைவரை எடு. மூணு ஸ்க்ரூ தெரியும். எல், எச், அப்புறம் எல்ஏ. ஹஸ்க்வர்னாவுல எல்ஏ-வுக்குப் பதிலா டி-ன்னு இருக்கும். எல் ஸ்லோ ஓட்டத்துக்கான பெட்ரோல், எச் ஃபுல் ரேஸுக்கான பெட்ரோல். எல்ஏ பெட்ரோலைத் தொடாது. ட்ரிக்கரை விட்ட பிறகு மிஷின் எவ்வளவு வேகத்துல நிக்கணும்ங்கிறது மட்டும்தான் அதோட வேலை. எல், எச் ரெண்டையும் வலப்பக்கம் திருப்பினா பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பினா கூடும். சின்ன மாடல் சிலதுல எல்ஏ மட்டும்தான் இருக்கும். எம்-ட்ரானிக், ஆட்டோட்யூன் மாதிரி தானே சரிபண்ணிக்கிற மாடல்ல பெட்ரோலுக்கு ஸ்க்ரூவே கிடையாது, அதைத் தேடி மிஷினைப் பிரிக்காத. ஸ்க்ரூ மேல பிளாஸ்டிக் தொப்பி இருந்து கொஞ்ச தூரத்துக்கு மேல திரும்பலைன்னா, அது கம்பெனி வச்ச எல்லை. பிடுங்க வேண்டாம்.

முதல்ல ஸ்க்ரூ இப்ப எங்க நிக்குதுன்னு எண்ணிக்கோ. வலப்பக்கம் மெதுவா, எத்தனை சுத்துல உக்காருதுன்னு பார்த்துக்கிட்டே திருப்பு. உக்காந்ததும் நிறுத்திடு. முறுக்கினா ஊசி முனையும் கெடும், அது உக்கார்ற துளையும் கெடும், அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிக்காது. அந்தக் கணக்கை மார்க்கர்ல மூடிக்கு உள்பக்கம் எழுதி வை, ஸ்க்ரூவை அதே கணக்குக்குத் திரும்ப இடப்பக்கம் கொண்டு வா. முன்ன யாரோ கண்டபடி திருப்பி வச்சிருந்தா, உக்காந்த இடத்துல இருந்து ரெண்டையும் ஒவ்வொரு சுத்து இடப்பக்கம் எடு. பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிடும். உன் மாடலுக்குக் கையேடு வேற சொன்னா அதைக் கேளு.

ஷெட்டுக்குள்ள வேண்டாம், புகை ஆளை முடிச்சிடும். வெட்ட வெளிக்கு வா. பாரும் செயினும் மாட்டியே இருக்கணும், செயின் ஆயிலும் இருக்கணும். குழந்தைங்க, கோழி, நாய் எதுவும் பக்கத்துல வேண்டாம். லுங்கியோட வந்தா என்கிட்ட பேச்சே கிடையாது. பின் கைப்பிடிக்குள்ள ஷூ முனையை வச்சு மிதிச்சு, முன் கைப்பிடியை இடது கையால அழுத்தி ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி, ரெண்டு வெட்டு வெட்டி, இன்ஜினைச் சூடாக்கு. ஆறின இன்ஜின்ல வச்ச ட்யூனிங் சூடானதும் மாறிடும்.

எல்-ல ஆரம்பி. மிஷின் தரையில ஸ்லோல ஓடட்டும், செயின் நகரவே கூடாது. நகர்ந்தா முதல்ல எல்ஏ-வைக் குறை. எல்-ஐ வலப்பக்கம் மெல்ல நகர்த்தினா ஓட்டம் ஏறும், ஒரு இடத்துக்கு மேல தடுமாறும். இடப்பக்கம் கொண்டு வந்தா மறுபடி ஏறி, அப்புறம் கனத்துப் போகும். இந்த ரெண்டுக்கும் நடுவுல வேகம் உச்சமா இருக்கிற இடத்தைப் பிடி, அங்கிருந்து கால் சுத்து இடப்பக்கம் எடு. ட்ரிக்கரைச் சட்டுனு அழுத்திப் பாரு. திணறி அப்புறம் எகிறினா பெட்ரோல் பத்தலை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். புகையோட சோம்பேறித்தனமா ஏறினா கூடிப்போச்சு.

எல்ஏ சுலபம். வலப்பக்கம் திருப்பிக்கிட்டே போ, செயின் மெல்ல நகரத் தொடங்கும். உடனே இடப்பக்கம் கொண்டுவந்து செயின் நின்ன பிறகும் ஒரு கால் சுத்து விடு. இன்ஜினும் அணையக் கூடாது, செயினும் ஊரக் கூடாது. பல சின்ன மிஷினுக்கு இது நிமிஷத்துக்கு 2,800 சுத்து வாக்குல வரும்.

எச்-தான் உயிர்நாடி. இங்க அவசரப்படாத. செயின் பிரேக்கை எடுத்துடு. பிரேக் போட்டபடி ரேஸ் பண்ணினா கிளச் கருகிடும். ரெண்டு கையாலயும் மிஷினைப் பிடிச்சு, பார் எதுலயும் படாம, ஃபுல் ரேஸ் கொடு. சில விநாடிதான். காதைக் கொடுத்துக் கேளு. வழுவழுன்னு ஒரே சுருதியில "வீ"ன்னு கத்தினா ஆபத்து. அந்தச் சத்தம் கேக்குறவனுக்கு இனிப்பா இருக்கும், மிஷின் பறக்குதுன்னு தோணும், ஆனா பெட்ரோல் குறைஞ்ச சத்தம் அது. இந்த இன்ஜினுக்குத் தனியா ஆயில் கிடையாது, பெட்ரோலோட கலந்து வர்றதுதான். பெட்ரோலைக் குறைச்சா ஆயிலையும் சேர்த்தே குறைக்கிற. சூடு ஏறுற அதே நேரத்துல வழுக்கலும் போகுது.

உனக்கு வேண்டியது "வீ"ங்கிறதுக்குள்ள லேசா ஒரு கரகரப்பு, "பர்ர்ர்"னு உடைஞ்சு உடைஞ்சு வர்ற சத்தம். பெட்ரோல் கொஞ்சம் கூட இருக்கும்போது எல்லாச் சுத்துலயும் நெருப்புப் பிடிக்காது, விட்டு விட்டுப் பிடிக்கும். அதான் அந்தக் கரகரப்பு. அதுவே வேகத்தையும் கட்டிப்போடும். சத்தத்தைக் கேட்டதும் ட்ரிக்கரை விடு, மிஷினைக் கீழ வை, கரகரப்பு இல்லைன்னா எச்-ஐ அரைக்கால் சுத்து மட்டும் இடப்பக்கம் திருப்பு, மறுபடி தூக்கிக் கேளு. ஒரு கையில ரேஸ், ஒரு கையில ஸ்க்ரூன்னு சர்க்கஸ் வேண்டாம். கரகரப்பு கிடைச்சதும் ஒரு கட்டையில வை. பார் இறங்கி லோடு விழுந்ததும் கரகரப்பு மறைஞ்சு சத்தம் தெளியணும். வெளிய இழுத்ததும் திரும்ப வரணும். வெட்டுக்குள்ளயும் கரகரன்னே இருந்தா ஒரு துளி வலப்பக்கம். வெளியயும் தெளிவாவே இருந்தா யோசிக்காம இடப்பக்கம்.

புது மாடல் சிலதுல காயில்லயே வேக எல்லை வச்சிருப்பான். எல்லையைத் தொட்டதும் அதுவும் இதே மாதிரி உடைஞ்சு சத்தம் போடும், உன் காது ஏமாந்துடும். அதுக்கு டேக்கோமீட்டர் வச்சுத்தான் பார்க்கணும். கையேட்டுல போட்டிருக்கிற உச்ச வேகத்தைத் தாண்டவே கூடாது. பல மாடல்ல அது 12,500-ல இருந்து 14,000 வரைக்கும் இருக்கும்.

எச்-ஐ மாத்தினா எல் கொஞ்சம் அசையும். அதனால திரும்ப ஒரு தடவை எல், எல்ஏ ரெண்டையும் சரிபார்த்துடு.

நீ மலைக்கும் கீழுக்கும் மிஷினைத் தூக்கிக்கிட்டுப் போறவன், அதனால இதைச் சொல்லணும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். அங்க காத்தோட கனம் கடல் மட்டத்தைவிட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. வத்தலக்குண்டுல வச்ச ட்யூனிங்கோட மேல போனா பெட்ரோல் கூடிப்போய்ப் புகையும், இழுவை குறையும். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. மேல வச்ச ட்யூனிங்கோட கீழ வந்து தென்னை மரத்துல நாலு வெட்டு வெட்டினாத்தான் சோலி முடியும். காத்து கனமா வரும், பெட்ரோல் பத்தாது, வெயிலும் சேர்ந்துக்கும். மூடிக்குள்ள எழுதச் சொன்னேன்ல, அங்க "மேல", "கீழ"ன்னு ரெண்டு கணக்கு எழுதி வை. கீழ இறங்கினா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எச்-ஐ இடப்பக்கம் கொண்டு வந்துடு.

சில மிஷின் எவ்வளவு திருப்பினாலும் நிக்காது. ட்ரிக்கரை விட்டும் வேகம் உடனே இறங்காம தொங்குது, பக்கவாட்டுல சாய்ச்சா ஓட்டம் மாறுதுன்னா, எங்கயோ ஏர் எடுக்குது: கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர், இல்லைன்னா கிராங்க் சீல். பெட்ரோலைக் கூட்டி அதை மறைக்கப் பார்க்காத, மெக்கானிக்கிட்ட கொடு. மிஷின் நாள்பட்டதா, ரொம்ப நாள் பெட்ரோலோட சும்மா கிடந்ததான்னும் பாரு. பைக் கார்பரேட்டர்ல மிதவை இருக்கும்; இதுல அதுக்குப் பதிலா மெல்லிய ரப்பர்த் தகடு. அதனாலதான் தலைகீழாப் பிடிச்சாலும் ஓடுது. அந்தத் தகடு விறைச்சுப்போச்சுன்னா இன்னைக்கு வச்ச ட்யூனிங் நாளைக்கு இருக்காது. டயாஃப்ரம் கிட் போட்டாத்தான் ஆச்சு. வாங்கப் போகும்போது மிஷின் பேரை மட்டும் சொல்லாத. ஒரே மிஷினுக்கு வால்ப்ரோ கார்பரேட்டரும் வந்திருக்கும், ஜாமா கார்பரேட்டரும் வந்திருக்கும். கார்பரேட்டர் உடம்புலயே எழுத்தும் நம்பரும் பொறிச்சிருக்கும், அதைப் போன்ல படம் எடுத்துக்கிட்டுப் போ.